பருத் தழும்புக்கு மருந்து கேட்டால் வெள்ளையடித்து அனுப்புகிறார்கள்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். மூன்றாம் வருஷம். டெபிட், கிரெடிட் தவிர வேறெதைப் பற்றியும் பேச எனக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி எழுத என் முகமே போதும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர் ராயக்கோட்டை. ஓசூருக்கும் தர்மபுரிக்கும் நடுவில். மலை மேலே கோட்டை, கீழே தக்காளி மண்டி. அப்பா மண்டியில் கணக்கு எழுதுகிறார். தக்காளி வாங்க வருகிறவர்கள் அறுத்துப் பார்ப்பதில்லை, தோலைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். புள்ளி விழுந்த பெட்டி தனியாகப் போகும். ப்ளஸ் ஒன் படிக்கும்போது எனக்கு முகமெல்லாம் பரு கிளம்பியது. ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது லோடு இறக்கிக்கொண்டிருந்த மாமா ஒருத்தர், "என்ன தம்பி, உன்னையும் தனிப் பெட்டியில போட்டுருவாங்க போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் இல்லை. இப்போதும் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "முகத்துல என்னடா இருக்கு, மனசுதான் முக்கியம்" என்று சொல்லும் கோஷ்டியிடம் முதலில் கணக்கைத் தீர்த்துவிடலாம். நான் கவனித்தவரை இதைச் சொல்கிறவர்களுக்கு முகத்தில் ஒரு பருகூட இருக்காது. அவர்களேதான் வரன் பார்க்க போட்டோ எடுக்கும்போது ஸ்டூடியோக்காரரிடம் "அந்தப் புள்ளியெல்லாம் கொஞ்சம் எடுத்துடுங்க" என்பார்கள். பரு என்பது ஒரு நோய். எண்ணெய்ச் சுரப்பியும் மயிர்க்காலும் அடைத்து, வீங்கி, சீழ் வைக்கிற நோய். அதைக் குணப்படுத்திக்கொள்ள நினைப்பது மினுக்கல் இல்லை. இன்னும் சொன்னால், "வயசுக் கோளாறு, தானாப் போயிடும்" என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட வைத்த அந்த அறிவுரைதான் பாதித் தழும்புக்குக் காரணம். வீக்கம் எவ்வளவு நாள் ஆழமாக இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தோலின் அடியில் இருக்கிற கொலாஜன் அழிகிறது. பரு போய்விடும். குழி போகாது.

ஆக, தழும்புக்கு மருந்து தேடுவது தப்பே இல்லை. தேடிப் போனவனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் என் சண்டை.

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

பி.காம். முதல் வருஷம், இரண்டாம் செமஸ்டர். கல்லூரி ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. வகுப்புத் தோழன் ஒருத்தன் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தான். "மச்சி, ராத்திரி இதைப் போட்டுப் படு. ஒரே வாரம். என் அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி இதைத்தான் போட்டா." மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் அதே டியூபைக் கேட்டேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தார், எடுத்துக் கொடுத்தார், "பகல்ல வெயில்ல போகாத" என்று இலவச அறிவுரையும் கொடுத்தார். விலை நூறு ரூபாய்க்குள். பில் கிடையாது. (இந்த பில் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும்.)

ஒரே வாரம் என்றானே, பொய்யில்லை. எட்டாம் நாள் பரு அமுங்கிப் போயிருந்தது. தோல் மழமழவென்று, ரெண்டு ஷேடு வெளுத்து... அம்மா, "என்னடா கலராயிட்ட" என்றாள். சித்தி போன் பண்ணி என்ன போடுகிறாய் என்று கேட்டு, பெயரை எழுதி வாங்கிக்கொண்டாள். ஆண்டு விழா போட்டோவில் நான் வேறு யாரோ மாதிரி இருக்கிறேன். அந்த போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. என்னை ஏமாற்றியதற்கு ஒரே ஆதாரம் அதுதான்.

மூன்றாம் மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனபோது டியூபை மறந்துவிட்டேன். ரெண்டாம் நாள் ராத்திரி முகம் எரிய ஆரம்பித்தது. மிளகாய்த் தூளைக் கரைத்துப் பூசின மாதிரி எரிச்சல். காலையில் கன்னம் முழுக்கச் சின்னச் சின்னதாய், ஒரே அளவில் சிவப்புப் பொரிகள். திரும்பி வந்து டியூபைத் தடவினேன், அடங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. "பாரு, இது இல்லாமப் பரு திரும்பி வந்துடுது, எவ்வளவு நல்ல மருந்து" என்றுதான் நினைத்தேன். மொத்தம் ஏழு மாதம் போட்டேன். கடைசியில் கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புக்கோடுகள், காதோரம் பூனைமுடி, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படும் பக்கம் மட்டும் தீய்ந்த மாதிரி எரிச்சல். பரு? அது முன்பைவிட அதிகமாக.

பிறகுதான் அரசு மருத்துவமனையில் தோல் ஓ.பி.க்குப் போனேன். டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் பரு எத்தனை நாளாக இருக்கிறது என்றெல்லாம் கேட்கவில்லை. "டியூபைக் கொண்டு வந்திருக்கியா?" என்றார். அன்றைக்கு எனக்கு முன்னால் போன ரெண்டு பேரிடமும் அதே கேள்வியைக் கேட்டது வெளியே வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது. டியூபைத் திருப்பி, பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தை விரலால் காட்டினார். மூன்று பெயர்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். "மூணாவது என்ன தெரியுமா? ஸ்டீராய்டு."

ஏழு மாதம் தினமும் முகத்தில் தடவிய ஒன்றின் பின்பக்கத்தை நான் ஒரு நாளும் படிக்கவில்லை. பேலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பைப் படிக்காதவன் முதலீட்டாளனே இல்லை என்று எங்கள் சார் சொல்வார். நான் பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியவன்!

அப்புறம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்த மூன்று சரக்குக் கூட்டணிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1975-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் தன் சகாவோடு சேர்ந்து வெளியிட்ட கலவை அது. (இந்த மனிதர்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்தியவர். அது தனிப் பதிவு போடவேண்டிய கதை.) அவர்கள் கலவையில் ஸ்டீராய்டாக இருந்தது டெக்ஸாமெத்தசோன். நம் ஊர் டியூப்களில் பெரும்பாலும் மொமெட்டசோன். இது தோலின் நிறமியைக் குறைக்கிற கலவை. நம் பெண்களுக்குக் கன்னத்தில் வருகிற மங்கு போன்றவற்றுக்கு, டாக்டர் மேற்பார்வையில், சில வாரம் மட்டும் கொடுக்கிற மருந்து. பருவுக்கானது இல்லை. குழிக்கானது இல்லவே இல்லை.

அப்படியானால் முதல் வாரம் அந்த அதிசயம் எப்படி நடந்தது? ஸ்டீராய்டு ரெண்டு வேலை செய்கிறது. வீக்கத்தை அமுக்குகிறது. ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் சிவந்து வீங்கியிருந்த பரு அடங்கின மாதிரி தெரிகிறது, தோல் வெளுத்த மாதிரி தெரிகிறது. உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகிறது. நிறுத்தினால் சுருங்கியிருந்த குழாயெல்லாம் ஒரேயடியாக விரிகிறது. அதுதான் அந்த எரிச்சல். அதுதான் மறுபடி டியூபைத் தேட வைக்கிறது. இதற்குத் தோல் மருத்துவர்கள் பெயரே வைத்துவிட்டார்கள்: ஸ்டீராய்டினால் பழுதான முகம். ஹைட்ரோகுயினோனும் சும்மா இல்லை. வருஷக்கணக்கில் போட்டால் சிலருக்குச் சாம்பல் கலந்த கருநீலப் படலமாகத் தோலில் தங்கிவிடும், எடுப்பது மிகக் கஷ்டம்.

தமிழில் வெளுப்பான ஆளைச் "சிவப்பு" என்றுதான் சொல்வோம். "பொண்ணு நல்ல சிவப்பு." இந்த டியூப் அந்த வார்த்தையை அப்படியே நிறைவேற்றிக் கொடுக்கிறது. எனக்கு நிஜமாகவே சிவப்பு வந்தது :-(

இது என் ஒருவனுடைய கதை என்று நினைக்க வேண்டாம். 2011-ல் இந்தியத் தோல் மருத்துவர்களின் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. நாட்டின் 12 மையங்களில், முகத்தில் ஏதாவது தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்தார்கள். அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்த 433-ல் 126 பேர் சிவப்பழகு க்ரீமாக, சாதாரண முகப்பூச்சாகப் போட்டவர்கள். 104 பேர் பருவுக்குப் போட்டவர்கள். 257 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 59 பேருக்கு, அதைப் பரிந்துரைத்தது டாக்டரே இல்லை. கடைக்காரர், சொந்தக்காரர், என் தோழன் மாதிரி ஆட்கள். பக்க விளைவு வந்தது 392 பேருக்கு. அதில் முதலிடம் எதற்கு? பருவுக்கு! பருவுக்குப் போட்ட மருந்தால் பரு. இன்னொரு தகவலும் அதில் இருந்தது. கிராமம், சிற்றூர்ப் பக்கத்து ஆட்கள்தான் வீரியம் கூடிய ஸ்டீராய்டுகளை அதிகம் போட்டிருந்தார்கள். பெங்களூர்ப் பெண்ணுக்கு டாக்டர் கிடைக்கிறார், நமக்கு டியூப் கிடைக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நீண்ட நாள் ஒரு ஓட்டை இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு வேண்டும், மேலே பூசுகிற களிம்பு என்றால் விலக்கு. தோல் மருத்துவர்கள் வருஷக்கணக்கில் கத்தியபிறகு, 2018 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை 14 ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. நான் வாங்கியது அதற்குப் பல வருஷம் கழித்து. சட்டம் கெஸட்டில் இருக்கிறது, டியூப் ஷோகேஸில் இருக்கிறது. அதுவும் ஃபேஸ்வாஷுக்கும் பவுடருக்கும் நடுவில்.

எனக்குத் தெரிந்த ஒரு மெடிக்கல் கடை அண்ணாவிடம் (நான் வாங்கிய கடை இல்லை) இதைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "தம்பி, நான் குடுக்கலன்னா எதிர்க்கடையில வாங்குவாங்க. தோல் டாக்டரைப் பாக்கணும்னா ஓசூர் போகணும், இல்ல கிருஷ்ணகிரி போகணும். கம்பெனியில வேலை பாக்கிற புள்ள ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டுப் போகுமா? பஸ் செலவு, ஃபீஸு, மருந்து. இங்க நூறு ரூபாயில முடியுது."

இதுதான் அந்தப் பக்கத்தின் பலமான வாதம். நேர்மையாகச் சொன்னால் இதில் பாதி உண்மை. எங்கள் பகுதியில் ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறி இறங்குகிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் நூறு ரூபாயில் "முடிகிறது" என்பது பச்சைப் பொய். நான் கணக்குப் பார்த்தேன். ஏழு மாதத்தில் பதினொரு டியூப். ஆயிரத்துக்குப் பக்கம். அது கெடுத்ததைச் சரிசெய்ய அரசு மருத்துவமனைக்கு எட்டு நடை. ஓ.பி. இலவசம், பஸ் செலவு மட்டும். எட்டு நாள் வகுப்பு போனது. வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் என்று வெளியில் வாங்கியது தனி. முகம் எரிச்சல் அடங்கி ஓரளவு பழைய நிலைக்கு வரப் பத்து மாதம். பருவுக்கு முதலிலேயே அந்த ஓ.பி.க்குப் போயிருந்தால் மூன்று நான்கு நடையில் வேலை முடிந்திருக்கும். மலிவான சரக்கு என்று எதைச் சொல்கிறார்களோ அதுதான் எனக்கு ரொம்ப விலையாக முடிந்தது. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்துவிட்டார்கள், தர்மபுரியில் அதற்கு முன்பே இருக்கிறது. டாக்டரே இல்லாத காடு இல்லை இது.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்று ஒரு பொருளாதார நிபுணர். 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், 2001-ல் நோபல் கிடைத்தது. விற்கிறவனுக்குச் சரக்கின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது, அப்படிப்பட்ட சந்தையில் கெட்ட சரக்கு நல்ல சரக்கைத் துரத்திவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். நல்ல பரு மருந்து, உதாரணத்துக்கு அடாபலீன் ஜெல், வேலை காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரம் தோல் உரியும், எரியும், சிலருக்குப் பரு கூடின மாதிரிகூடத் தெரியும். ஸ்டீராய்டு எட்டே நாளில் மின்னும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது விற்கும்? தோழன் தோழனுக்கு எதைச் சிபாரிசு செய்வான்? இந்தச் சந்தை தானாகத் திருந்தும் என்று நம்புகிறவர்கள் மைக்ரோ எகனாமிக்ஸ் பேப்பரை மறுபடி எழுதலாம்.

இப்போது தழும்புக்கு வருகிறேன். நம்மில் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான், குழப்பத்தில்தான் அவர்கள் வியாபாரமே நடக்கிறது. பரு போனபின் முகத்தில் இருப்பது இரண்டு வேறு விஷயம். ஒன்று கறை. பழுப்பாக, கறுப்பாக, தடவினால் சமமாக இருக்கும். அது நிறமி. நம் மாதிரி மாநிறத் தோலில் அதிகம் வரும். பல மாதத்தில் மெல்ல மங்கும், வெயில் பட்டால் மங்காது. அதற்கு முதல் மருந்து சன்ஸ்க்ரீன், பிறகு புதுப் பரு வராமல் பார்த்துக்கொள்வது, டாக்டர் சொன்னால் அசெலாயிக் அமிலம் மாதிரி சில பூச்சுகள்.

இரண்டாவது குழி. அதுதான் நிஜமான தழும்பு. பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்றால் நிழல் விழும். அதிலும் வகை உண்டு. ஊசியால் குத்தின மாதிரி குறுகி ஆழமாக இறங்குவது, பெட்டி மாதிரி விளிம்போடு இருப்பது, அலை அலையாகத் தோலை உள்ளே இழுத்துப் பிடித்திருப்பது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. குறுகிய குழிக்குள் மட்டும் வீரியமான டி.சி.ஏ. அமிலத்தை ஒரு துளி வைப்பது, உள்ளே இழுத்துப் பிடிக்கிற நார்களை ஊசியால் அறுத்துவிடுவது, நுண்ணூசிகளால் குத்திப் புதுக் கொலாஜனை வளரவிடுவது, லேசர். எல்லாம் டாக்டர் கையால் செய்வது. ஒரே தடவையில் முடியாது, சில வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை. எல்லாம் செய்தாலும் குறையுமே தவிர முழுசாக அழியாது. நம் நிறத்துத் தோலில் லேசர் கொஞ்சம் மிஞ்சினால் அதுவே புதுக் கறை போட்டுவிடும். "100% தழும்பு நீக்கம்" என்று எவன் போர்டு வைத்தாலும் அவன் டாக்டராக இருந்தாலும்கூட எனக்குச் சந்தேகம்தான். பரு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிற முகத்தில் பார்லரில் ரோலர் உருட்டுவதோ... வேண்டாம், அதைப் பார்த்த கதையை எழுதினால் சாப்பிட முடியாது.

சுவரில் ஓட்டை விழுந்தால் கொத்தனார் பூச்சு வேலை செய்வார். பெயிண்டரைக் கூப்பிட்டு மேலே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும், சுவர் வெள்ளையாகும். நம் ஊரில் குழிக்கு மருந்து கேட்டவனுக்கு இதைத்தான் செய்கிறார்கள். ஏன் தெரியுமா? குழியை நிரப்பும் க்ரீம் என்று ஒன்று கிடையாது. வெளுக்க வைக்கும் க்ரீம் இருக்கிறது. இருப்பதை விற்கிறார்கள். நாமும் "கலராயிட்ட" என்று யாராவது சொன்னதும் குழியை மறந்துவிடுகிறோம். நான் மறந்தேன். தழும்புக்கு என்று போனவன், கலர் வந்ததும் தழும்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. இதில் கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

அந்தக் கலர் ஆசையை வளர்த்தவர்கள் பெரிய ஆட்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. (கிளிக்மன் கலவையும் அதே வருஷம். சும்மா ஒரு ஒற்றுமை.) 45 வருஷம் கழித்து, 2020-ல், அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராட்டம் வெடித்தபிறகு "ஃபேர்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு "க்ளோ" என்று மாற்றினார்கள். ஆண்களுக்கென்று 2005-ல் இமாமி கொண்டுவந்தது ஃபேர் அண்ட் ஹேண்ட்சம். அதை 2013-ல் 79 ரூபாய்க்கு வாங்கிய டெல்லிக்காரர் ஒருவர், சொன்னபடி போட்டும் வெளுக்கவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 2024 டிசம்பரில் அந்த மன்றம், விளம்பரம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று சொல்லி, கம்பெனிக்கு 14.5 லட்சம் அபராதம் போட்டது. 79 ரூபாய்க்குப் பதினோரு வருஷம் மல்லுக்கட்டிய அந்த மனிதருக்கு எங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப் பாடத்தில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் இந்த மாதிரி விளம்பரங்களுக்கு முதல் முறை இரண்டு வருஷம் வரை ஜெயில், பத்து லட்சம் வரை அபராதம் என்று சுகாதாரத் துறை ஒரு வரைவு போட்டது. வரைவு, வரைவு மட்டும்தான்.

ஸ்டீராய்டோடு கதை முடியவில்லை. கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை. 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை அங்கே ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற அபூர்வ வகை. இந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவர்கள். சந்தேகம் போனது அந்த க்ரீம்களில் இருந்த பாதரசத்தின் மேல். 2024-ல் ஒரு சர்வதேசச் சிறுநீரகச் சஞ்சிகையில் இது வெளிவந்தது. முகத்தில் தடவினது கிட்னியில் போய் நின்றிருக்கிறது. இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகள்படி முகக்ரீமில் வேண்டுமென்றே பாதரசம் சேர்க்கக்கூடாது. ஆனால் தயாரித்தவன் பெயரே இல்லாமல் வருகிற டப்பாவுக்கு எந்த விதி?

"அப்போ இயற்கை வைத்தியம்தான் பெஸ்ட்" என்று கிளம்பும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சைச் சாறு நம் தோலைவிடப் பல மடங்கு அமிலம். தடவிக்கொண்டு எங்கள் ஊர் வெயிலில் நின்றால் கொப்புளம் வரும், அது ஆறினபின் கறுப்பாகவே நிற்கும். பேக்கிங் சோடா நேர் எதிர்ப்பக்கம், காரம். டூத்பேஸ்ட் பல்லுக்கு. ரீல்ஸில் இதையெல்லாம் தடவிக் காட்டுகிறவர் முகத்தில் ஃபில்டர் இருக்கிறது, உங்கள் முகத்தில் இருக்காது.

உருப்படியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பையில், அக்காவின் பீரோவில் இருக்கிற டியூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். பெயர் "சோன்" என்று முடிந்தால் (பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், டெக்ஸாமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன்) ஸ்டீராய்டு என்று எடுத்துக்கொள்ளலாம். பருவுக்கே கொடுக்கிற டாப்சோன் விதிவிலக்கு, அது ஸ்டீராய்டு இல்லை. "சோன்" என்று முடியாத பெரிய ஆளும் ஒருவர் இருக்கிறார், க்ளோபெட்டசால். இருப்பதிலேயே வீரியம் கூடிய வகை. ரொம்ப நாளாகப் போடுகிறீர்கள் என்றால் இதைப் படித்த வேகத்தில் தூக்கியெறிந்துவிட்டு எரிச்சலோடு தனியாக உட்காராதீர்கள். டியூபை எடுத்துக்கொண்டு தோல் ஓ.பி.க்குப் போங்கள். என் சித்தி அப்படித்தான் போனாள். நான்தான் கூட்டிப் போனேன். அவளுக்கு அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தவன் நானாயிற்றே. என் தோழனிடமும் சொன்னேன். அவன் நம்பவில்லை. அவன் அக்கா இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள், "நல்லாத்தானே இருக்கா" என்கிறான்.

என் முகம் இப்போது எப்படி என்றால், எரிச்சல் இல்லை, வலது கன்னத்தில் மூன்று ஊசிக் குழி, இடதில் இரண்டு. நிறம் மண்டியில் அப்பா பக்கத்தில் நின்றால் அவர் மகன் என்று தெரிகிற நிறம். வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால் அந்த ஐந்து குழிக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்வேன். அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

நுகர்வோர் மன்றத்துக்கு நானும் போகலாமா என்று யோசித்தேன். பதினொரு டியூப் வாங்கியிருக்கிறேன், ஒன்றுக்குக்கூட பில் இல்லை. பி.காம். மாணவன்!

போன வாரம் சாயங்காலம் அதே மெடிக்கலுக்குப் போயிருந்தேன். கேலமங்கலம் பக்கம் ஷிஃப்ட் முடிந்து வந்த பெண், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. "அண்ணா, பருத் தழும்புக்கு ஒரு க்ரீம் குடுங்க." அவர் கை அதே தட்டுக்குப் போனது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அதுல ஸ்டீராய்டு இருக்குங்க அக்கா, பின்னாடி பாருங்க" என்றேன். அவர் என்னை முறைத்தார். அந்தப் பெண் டியூபைத் திருப்பிப் பார்த்தது, பிறகு என் கன்னத்தைப் பார்த்தது. "நீங்க போட்டீங்களா?"

"ஏழு மாசம்."

டியூபைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, "அப்புறம் வாங்கிக்கறேண்ணா" என்று பஸ்ஸுக்கு ஓடியது. வேறு கடையில் வாங்கியதோ என்னவோ.

கடைக்காரர் டியூபைத் திரும்ப ஷோகேஸில் வைத்தார். "உனக்கு என்ன தம்பி வேணும்?"

"ஒரு சன்ஸ்க்ரீன். பில்லோட."

"பில் மெஷின் ரிப்பேர் தம்பி" என்றார்.

"கையால எழுதிக் குடுங்கண்ணா. நிக்கறேன்."

நின்றேன். பத்து நிமிஷம் ஆனது. எழுதிக் கொடுத்தார்.